‘தி மேன் ஸ்டாண்டிங் நெக்ஸ்ட்’: பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1979 அக்டோபர் 26 இரவு. தென்கொரியாவைப் 18 ஆண்டுகள் தன் பிடியில் வைத்திருந்த அதிபர் பார்க் சுங்-ஹீ ஒரு ரகசிய விருந்து மாளிகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் எதிரி நாட்டு ஆள் இல்லை. அவருடைய சொந்த உளவுத்துறைத் தலைவர் கிம் ஜே-கியூ. அந்தக் கொலைக்கு முந்தைய 40 நாட்களைச் சொல்கிறது இந்தக் கொரியப் படம். இயக்கம் வூ மின்-ஹோ, வெளியானது 2020 ஜனவரியில்.

பார்த்தவர்களில் ஒரு சாரார் ‘அரசியல் படம்னா இதுதான்’ என்கிறார்கள். இன்னொரு சாரார் ‘ரெண்டு மணி நேரம் கோட்டு போட்ட ஆளுங்க முறைச்சுக்கிட்டே இருக்காங்க’ என்கிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் கீழே. யார் சுடுகிறார் என்பதைப் படமே முதல் சில நிமிடங்களில் சொல்லிவிடுவதால், கதை தெரிந்துவிடுமே என்ற பயம் வேண்டாம்.

பெயர்கள் குழப்புகின்றன. யார் யார் என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நான்கு பேரை நினைவில் வைத்தால் போதும். அதிபர் பார்க், அதாவது லீ சுங்-மின். உளவுத்துறைத் தலைவர் கிம் கியூ-பியோங், அதாவது லீ பியுங்-ஹுன்; ‘ஸ்க்விட் கேம்’ தொடரில் கறுப்பு முகமூடியோடு வருபவர் என்றால் நம் ஆட்களுக்கு உடனே தெரியும். நிஜ வாழ்க்கையில் இது கிம் ஜே-கியூ. அதிபரின் பாதுகாப்புத் தலைவர் குவாக் சாங்-சியோன், எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும் தடித்த மனிதர். நிஜத்தில் சா ஜி-சுல். நான்காமவர் பார்க் யோங்-காக், முன்னாள் உளவுத்துறைத் தலைவர், அமெரிக்காவுக்கு ஓடிப்போய் அதிபரின் வண்டவாளத்தைப் போட்டு உடைப்பவர். நிஜத்தில் கிம் ஹியோங்-உக்.

இவர்களைத் தவிர ஓரமாக நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு வழுக்கைத்தலை ராணுவ அதிகாரி வருவார். அவரை விட்டுவிடாதீர்கள். கடைசியில் அவர்தான் வேண்டும்.

ஊருக்கே தெரிந்த ஆட்கள். பிறகு ஏன் பெயரை மாற்றினார்கள்?

முன்கதை ஒன்று இருக்கிறது. இதே கொலையை வைத்து இம் சாங்-சூ 2005-இல் ஒரு படம் எடுத்தார், ‘தி பிரெசிடெண்ட்ஸ் லாஸ்ட் பேங்’. பார்க்கின் மகன் நீதிமன்றத்துக்குப் போனார். படத்தில் சேர்த்திருந்த நிஜ ஆவணக் காட்சிகள் 3 நிமிடம் 50 நொடியை நீக்கச் சொல்லி சியோல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த இடங்களில் திரையை வெறும் கறுப்பாக விட்டுப் படத்தை ஓட்டினார்கள். அப்படி ஒரு அனுபவம் பக்கத்திலேயே இருக்கும்போது அடுத்து எடுக்கிறவர் கவனமாகத்தான் இருப்பார்.

ஆனால் வழக்குப் பயம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இந்தப் படம் ஒரு பத்திரிகையாளர் எழுதிய ஆய்வுத் தொடரிலிருந்து வந்தது. ‘டோங்-ஆ இல்போ’ நாளிதழில் 1990 முதல் வந்து, பிறகு நூலானது. ஆதாரம் நிறைய இருக்கிறது. ஆனால் மூடிய அறைக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டதற்கு ஆதாரம் கிடையாது. பெயரை மாற்றினால் அந்த அறைக்குள் நுழைய ஒரு வழி கிடைக்கிறது.

கிம் ஏன் சுட்டார்? படம் கடைசி வரை சொல்லவே இல்லையே?

அதிகம் சண்டை நடப்பது இந்தக் கேள்வியில்தான். கொரியாவிலும் 45 வருடங்களாக இதே சண்டைதான்.

அன்றைய ராணுவ விசாரணை சொன்ன கதை: அதிபர் பதவிமேல் ஆசை, சா ஜி-சுல்மேல் பொறாமை, வேலை போய்விடும் என்ற பயம். கிம் நீதிமன்றத்தில் சொன்ன கதை: ஜனநாயகத்தை மீட்கவும், தெருவில் பெரிய ரத்தக்களறி நடக்காமல் தடுக்கவும் சுட்டேன். யூஷின் ஆட்சியின் இதயத்தைச் சுட்டதாக அவர் சொன்ன வாக்கியம் கொரியாவில் இன்றைக்கும் பிரபலம். யூஷின் என்பது 1972-இல் பார்க் கொண்டுவந்த அரசமைப்பு. எத்தனை முறை வேண்டுமானாலும் அவரே அதிபர், நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் சொல்லும் ஆட்கள், அவசர ஆணை போட்டு யாரையும் உள்ளே தள்ளலாம்.

படம் இரண்டு கதைகளையும் கையில் வைத்துக்கொண்டு எதையும் கீழே போடுவதில்லை. ‘இயக்குநர் தப்பிச்சிட்டார்’ என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதன் துப்பாக்கியை எடுக்கும்போது கொள்கையும் அவமானமும் பயமும் தனித்தனி டப்பாவில் இருப்பதில்லை. அதிபர் தன்னைக் கூப்பிடாமல் குவாக்கை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தார் என்பதற்காகக் கிம்மின் முகம் சுருங்குகிறது. அடுத்த காட்சியிலேயே, எதிர்ப்பவர்களை டாங்கி ஏற்றிக் கொல்லலாம் என்று குவாக் சொல்ல, அதிபர் மறுக்காமல் இருப்பதைப் பார்த்தும் சுருங்குகிறது. எந்தச் சுருக்கம் துப்பாக்கியை எடுக்க வைத்தது என்று கிம்முக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த ‘நான் இருக்கிறேன்’ வசனத்தை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்?

படத்தின் சாவி அது. சிக்கலான ஒரு வேலை வரும்போதெல்லாம் அதிபர், எதிரில் இருப்பவரைப் பார்த்து அமைதியாகச் சொல்வார்: உன் பக்கத்தில் நான் இருக்கிறேன், உனக்கு எப்படிச் செய்யத் தோன்றுகிறதோ அப்படிச் செய். அவ்வளவுதான். ‘கொல்’ என்று சொல்லவே மாட்டார்.

கேட்கிறவனுக்கு அது பெரிய நம்பிக்கையாகத் தெரியும். வேலை முடிந்த பிறகுதான் அதன் மறுபக்கம் தெரியும். தவறு நடந்தால் பழி செய்தவனுக்கு, சொன்னவருக்கு இல்லை. அவர்தான் எதுவும் சொல்லவே இல்லையே! பழைய தலைவர் பார்க் யோங்-காக்கும் ஒரு காலத்தில் இதே வாக்கியத்தைக் கேட்டவர்தான். வேலை முடிந்ததும் கறிவேப்பிலை போலத் தூக்கிப் போட்டார்கள். அந்த நண்பனின் கதையை முழுக்கத் தெரிந்துகொண்ட பிறகும், தனக்கு இதே வாக்கியம் சொல்லப்படும்போது கிம் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்கிறார்.

‘கிம் நல்லவரா கெட்டவரா’ என்று கேட்கிறவர்கள் படத்தை ஒருமுறை இந்த வசனத்தை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கலாம். உத்தரவே போடாமல் கொலை செய்ய வைக்கும் ஒரு ஏற்பாட்டில், ஒவ்வொரு ‘இரண்டாம் ஆளும்’ எப்படி முறை வைத்து உள்ளே இழுக்கப்படுகிறான் என்பதுதான் எனக்குத் தெரிந்த வரையில் இந்தப் படத்தின் விஷயம். சர்வாதிகாரியைப் பற்றிய படம் என்று பார்த்தால் அதிபர் பாத்திரம் மெலிவாகத் தெரியும். அவர் பேசாமல் விட்டதைப் பற்றிய படம் என்று பார்த்தால் லீ சுங்-மின் ஒவ்வொரு தடவை முகத்தைத் திருப்பும்போதும் வயிற்றைப் பிசையும்.

அப்படியானால் கிம் ஜே-கியூ ஒரு தியாகி என்று சொல்லலாமா?

சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னால் முடியாது.

1976 டிசம்பரிலிருந்து உளவுத்துறை அவர் கையில் இருந்தது. அந்தத் துறையின் பெயரைக் கேட்டாலே மக்கள் குரலைத் தாழ்த்திக்கொண்ட காலம் அது; சியோலின் நாம்சான் மலையடியில் இருந்த அதன் கட்டடங்களுக்குப் போனவர்கள் போனபடி திரும்பவில்லை. 1979 ஆகஸ்டில் ஒய்.எச். என்ற விக் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் வேலை கேட்டு எதிர்க்கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தபோது, போலீஸ் உள்ளே புகுந்து அடித்தது. ஒரு தொழிலாளி இறந்துபோனார். அந்த ஆட்சியின் உளவுத் தலைவராக இருந்தவருக்கு இதில் கைசுத்தம் எங்கிருந்து வரும்?

அதே சமயம், அக்டோபரில் பூசானில் கலவரம் வெடித்ததும் நேரில் போய்ப் பார்த்து, ‘இது நாலு பேர் தூண்டிவிட்டது இல்லை, சாதாரண ஜனங்களே இறங்கியிருக்கிறார்கள்’ என்று அதிபரிடம் வந்து சொன்னதும் அவர்தான் என்று அவருடைய வாக்குமூலம் சொல்கிறது. கம்போடியாவில் 30 லட்சம் பேரைக் கொன்றும் ஒன்றும் ஆகவில்லை, நாம் 10, 20 லட்சம் பேரைக் கொன்றால் என்ன என்று சா ஜி-சுல் பேசியதாகவும் கிம்தான் சாட்சி சொன்னார். படத்திலும் இந்தப் பேச்சு வருகிறது. சா செத்துவிட்டதால் அவர் பக்கக் கதையைக் கேட்க வழியில்லை.

பாரிஸில் நடக்கும் கொலை நிஜமா?

கிம் ஹியோங்-உக் 1979 அக்டோபர் 7-ஆம் தேதி பாரிஸில் காணாமல் போனது நிஜம். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. 2005-இல் கொரிய உளவுத்துறையே அமைத்த உண்மை அறியும் குழு, கிம் ஜே-கியூவின் உத்தரவின் பேரில் உளவுத்துறை ஆட்கள் கிழக்கு ஐரோப்பியர்களைக் கூலிக்கு அமர்த்திக் கொன்றதாகச் சொன்னது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வதந்திகள். படம் அவற்றில் கொடூரமான ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

நிஜமா பொய்யா என்பதைவிட அந்தக் காட்சியில் பார்க்கவேண்டியது ஒரு செருப்பளவு விஷயம். இருட்டில் வயல்வெளியில் ஓடும் பார்க் யோங்-காக்கின் காலில் ஒரு ஷூ கழன்றுவிடும். ஒற்றை ஷூவோடு ஓடுவார். படத்தின் கடைசியில், அதிபரைச் சுட்டுவிட்டு காரில் உட்கார்ந்திருக்கும் கிம் தன் காலைக் குனிந்து பார்ப்பார்: ஷூ இல்லை, ரத்தத்தில் ஊறிய சாக்ஸ். கிம் ஜே-கியூ அன்று ஷூ போடாமலேயே காரில் ஏறியது வரலாற்றில் உள்ளதுதான். அதற்கு ஜோடியாக முன்னாலேயே ஒரு ஷூவைக் கழற்றி வைத்தது இயக்குநரின் வேலை.

பார்க் யோங்-காக்கின் வாஷிங்டன் விசாரணை, அவர் எழுதிய நினைவுக் குறிப்பு விவகாரம் எல்லாம் அந்த 40 நாளில் நடந்ததா?

இல்லை. கிம் ஹியோங்-உக் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஃப்ரேசர் குழு முன் சாட்சி சொன்னது 1977 ஜூனில். படம் இரண்டு வருடத்தைச் சுருக்கி ஒரே மூச்சில் வைத்துவிட்டது. கிம்மும் அவரும் தோளோடு தோள் நின்று, பார்க்கை ஆட்சிக்குக் கொண்டுவந்த 1961 ஆட்சிக் கவிழ்ப்பை நடத்திய நண்பர்கள் போலக் காட்டுவதும் சினிமாதான். நிஜ கிம் ஜே-கியூ அந்தக் கவிழ்ப்பில் பங்கெடுத்தவர் அல்ல. அதிபரோடு அவருக்கு இருந்த நெருக்கம் வேறு வழியில் வந்தது. ஒரே ஊர்ப் பக்கம், ராணுவப் பள்ளியில் ஒரே வகுப்பு.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த மாற்றம் உறுத்துகிறது. நியாயம்தான். ‘புரட்சி செய்தபோது எதற்காகச் செய்தோம்’ என்று படத்தில் கிம் கேட்பதற்கு எடை வருவதே இந்தப் பொய்யால்தான்.

படம் ரொம்ப மெதுவாகப் போகிறதே?

சுடும் படம் என்று நினைத்து உட்கார்ந்தால் மெதுவாகத்தான் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி காத்திருப்பு. அறைக்கு வெளியே காத்திருப்பது, அழைப்புக்குக் காத்திருப்பது, ஒட்டுக் கேட்கக் காத்திருப்பது.

ஒரு யோசனை: கிம்மின் தலைமுடியைப் பாருங்கள். எண்ணெய் தடவி ஒரு முடி விலகாமல் வாரியிருக்கும். பதற்றம் வரும்போதெல்லாம் கையால் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். நாட்கள் நெருங்க நெருங்க அந்த முடி அடங்க மறுக்கும். வசனம் சொல்லாததை லீ பியுங்-ஹுன் கன்னத்துத் தசையிலும் அந்தக் கையிலும் வைத்திருக்கிறார். கொரியாவின் 2020 பேக்சாங் விருது விழாவில் சிறந்த நடிகர் விருதை அவருக்குத்தான் கொடுத்தார்கள். குவாக்காக வரும் லீ ஹீ-ஜூன் இதற்காக 25 கிலோ எடை கூட்டினாராம். அந்த உடம்பு நடந்து வரும் விதத்திலேயே அதிகாரத் திமிர் தெரிகிறது.

சுடும் காட்சி அவ்வளவு அலங்கோலமாக இருக்கிறதே, நிஜத்திலும் அப்படித்தானா?

ஏறக்குறைய அப்படித்தான்.

இடம் குங்ஜோங்-தோங், அதிபர் மாளிகைக்குப் பக்கத்திலேயே உளவுத்துறை வைத்திருந்த விருந்து வீடு. மேசையைச் சுற்றி அதிபர், சா ஜி-சுல், அதிபரின் தலைமைச் செயலர், கிம், கூடவே இரண்டு இளம்பெண்கள். பூசான் போராட்டத்தைப் பற்றிப் பேச்சு முற்றியது. கிம் எழுந்து போய்த் துப்பாக்கியோடு திரும்பி வந்தார். இப்படி ஒரு புழுவை வைத்துக்கொண்டு அரசியல் செய்தால் எப்படி உருப்படும் என்ற பொருளில் அதிபரிடம் கத்திவிட்டு முதலில் சா ஜி-சுல்லைச் சுட்டார். குண்டு கையில் பட்டது. அடுத்து அதிபரின் மார்பில். மூன்றாவது குண்டுக்குத் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. விளக்குகள் அணைந்தன. சா குளியலறைக்குள் ஓடினார். கிம் வெளியே ஓடி, தன் ஆளிடமிருந்து வேறொரு துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்து இருவரையும் முடித்தார். வெளியே அவருடைய ஆட்கள் மெய்க்காவலர்களைச் சுட்டார்கள். மொத்தம் ஆறு பேர் செத்தார்கள்.

படத்தில் இந்த இடத்தில் கேமரா கிம்மை விடாமல் பின்தொடரும். முடித்துவிட்டுத் திரும்பும்போது தரையிலிருக்கும் ரத்தத்தில் வழுக்கி, கால் பரப்பிக்கொண்டு தடாலென்று விழுவார். தியேட்டரில் சிலர் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சிரிப்பு வந்தால் தப்பில்லை. நாட்டின் தலைவிதியை மாற்றிவிட்டதாக நினைக்கும் ஆள் தரையில் வழுக்கிக் கிடக்கிறார். தலைமுடி முழுவதும் கலைந்துவிட்டது.

படத்தில் பெண்களே இல்லையே?

இருக்கிறார்கள், ஆனால் பெயருக்கு. இது படத்தின் பெரிய ஓட்டை என்பேன். அன்று அந்த மேசையில் இருந்த இரண்டு பெண்களில் ஒருவர் பாடகி சிம் சூ-போங். பாட்டுப் பாட அழைத்து வரப்பட்டவர் கண்ணெதிரே அதிபர் செத்தார். அதன்பிறகு அவருடைய தொழிலும் அடிபட்டது. கொஞ்ச காலம் ஒளிபரப்புகளில் பாட முடியவில்லை. உளவுத்துறைக்கென்று விருந்துக்குப் பெண்களை ஏற்பாடு செய்யும் ஓர் அதிகாரியே இருந்தார் என்பது விசாரணையில் வெளிவந்த விஷயம். அதிகாரம் எப்படி அழுகியிருந்தது என்று காட்ட இதைவிட என்ன வேண்டும்? ஆண்களின் விசுவாசத்தைச் சொல்வதிலேயே படம் முழு மூச்சாக இறங்கியதில் இது கைவிட்டுப் போனது.

பூசான், மாசான் போராட்டங்களையும் சரியாகக் காட்டவில்லை என்கிறார்களே?

சரிதான். 1979 அக்டோபர் 16-இல் பூசான் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கினார்கள். இரண்டு நாளில் கடைக்காரர்கள், கூலிகள், அலுவலகம் போகிறவர்கள் எல்லோரும் தெருவில். 18-ஆம் தேதி ராணுவச் சட்டம். 20-ஆம் தேதி மாசானுக்கும் ராணுவம். எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங்-சாமை அந்த மாதத் தொடக்கத்தில்தான் நாடாளுமன்றத்திலிருந்து தூக்கியிருந்தார்கள். பூசான் அவர் ஊர்ப் பக்கம். அந்தக் கோபம் இல்லையென்றால் அக்டோபர் 26 இல்லை. படத்தில் இதெல்லாம் கிம் பார்க்கும் ஒரு காட்சியாக, அவர் மனம் மாறுவதற்குக் காரணமாக மட்டும் வந்து போகிறது. தெருவில் நின்றவன் முகம் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை.

அதிபரின் சாதனைகளை மறைத்துவிட்டார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு இருக்கிறதே?

கொரியாவில் பார்க்கை இன்னும் கும்பிடுகிறவர்கள் நிறைய. சியோல்–பூசான் நெடுஞ்சாலை, போஹாங் உருக்காலை, பசியிலிருந்த நாட்டை ஏற்றுமதி நாடாக்கியது எல்லாம் அவர் காலம். அவருடைய மகள் பார்க் குன்-ஹே 2013-இல் அதிபரானதற்கும், 2017-இல் பதவி பறிபோனதற்கும் அந்தப் பெயரே பின்புலம். அவர்கள் பார்வையில் படம் ஒரு பக்கக் கதை.

இன்னொரு பக்கத்தில், ‘இந்தப் படம் அவரைக் கண் கலங்கும் தாத்தா மாதிரிக் காட்டுகிறது’ என்று கோபப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 1975 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதிசெய்து ஒரு நாள்கூட ஆகாமல் விடிவதற்குள் தூக்கிலிட்ட ஆட்சி அது. 2007-இல் அவர்கள் அத்தனை பேரும் நிரபராதிகள் என்று நீதிமன்றமே சொன்னது. படத்தில் அது இல்லை. அதற்குப் பதிலாக, அரிசிக் கள்ளில் சோடா கலந்து குடித்துக்கொண்டு ‘அந்தக் காலம் நன்றாக இருந்தது’ என்று ஜப்பானிய மொழியில் பழைய நினைவு பேசும் இரண்டு கிழட்டு ராணுவக்காரர்கள் இருக்கிறார்கள். பார்க் ஜப்பானிய ராணுவத்தில் பயிற்சி பெற்றவர் என்று தெரிந்த கொரியருக்கு அந்த ஒரு வரி போதும். நமக்கு சப்டைட்டிலில் மொழி மாறியதே தெரியாமல் போய்விடும்.

காரைத் திருப்பும் அந்தக் கடைசி முடிவு நிஜமா?

நிஜம், படத்தில் நம்ப முடியாத இடமும் அதுவே. கிம் அன்று மாலையே ராணுவத் தலைமைத் தளபதி ஜியோங் சுங்-ஹ்வாவை அதே வளாகத்தின் இன்னொரு கட்டடத்தில் விருந்துக்கு உட்கார வைத்திருந்தார். சுட்டு முடித்ததும் அவரை இழுத்துக்கொண்டு காரில் ஏறினார். எங்கே போவது? நாம்சானுக்குப் போனால் அது கிம்மின் கோட்டை. ராணுவத் தலைமையகத்துக்குப் போனால் அது தளபதியின் வீடு. கார் ராணுவத் தலைமையகத்துக்குப் போனது. நள்ளிரவு தாண்டியதும் கிம் கைது.

‘நாம்சானுக்குப் போயிருந்தால்?’ என்று கேட்காத கொரியர் இல்லை. வென்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஷூ போடக்கூட நினைப்பில்லாமல் ஓடி வந்த ஆளிடம் மறுநாள் காலைக்கான திட்டம் இருந்திருக்குமா?

பெட்டியோடு போகும் அந்த வழுக்கைத்தலைக்காரர் யார்?

படத்தில் ஜியோன் டூ-ஹியோக், நிஜத்தில் சுன் டூ-ஹ்வான். ராணுவப் பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்து, அதிபர் கொலையை விசாரிக்கும் பொறுப்பைக் கையில் எடுத்தவர். டிசம்பர் 12-ஆம் தேதி, கொலைக்கு உடந்தை என்ற பெயரில் தளபதி ஜியோங்கையே கைது செய்து ராணுவத்தைப் பிடித்தார். அடுத்த மே மாதம் குவாங்ஜூவில் மக்களைச் சுட்டது அவருடைய ராணுவம். அந்தக் குழப்பத்தின் நடுவிலேயே, 1980 மே 24-ஆம் தேதி கிம் ஜே-கியூவைத் தூக்கிலிட்டார்கள். கிம்முடைய உதவியாளராக இருந்த கர்னல் பார்க் ஹியுங்-ஜூ பணியிலிருந்த ராணுவ அதிகாரி என்பதால் அவருக்கு மேல்முறையீடே இல்லை; மார்ச் 6-ஆம் தேதியே சுட்டுக் கொன்றார்கள்.

ஒரு அதிபரைக் கொன்றதில் இன்னொரு அதிபர் வந்தார். படம் அதைப் பெட்டகத்தை மூடிவிட்டு நாற்காலியைத் திரும்பிப் பார்க்கும் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது.

2005 படமா, இதுவா?

கேலி பிடித்தால் 2005 படம். அதில் எல்லோரும் கோமாளிகள், அதிபர் உட்பட. சமையல்காரர், ஓட்டுநர், காவலாளி என்று சின்ன ஆட்கள் செத்து விழுவதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதும் அந்தப் படம்தான். 2020 படம் கோட்டு சூட்டைக் கழற்றவே இல்லை. இதில் இருக்கும் நடிப்பு அதில் இல்லை, அதில் இருக்கும் துணிச்சல் இதில் இல்லை. எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றுதான் என்று கழுத்தில் கத்தி வைத்தால் பழையதை எடுப்பேன்.

இதற்குப் பிறகு எதைப் பார்க்கலாம்?

கால வரிசையில் பார்த்தால் நன்றாகப் பிடிபடும். அடுத்தது ‘லேண்ட் ஆஃப் ஹேப்பினஸ்’ (2024): மேலே சொன்ன கர்னலின் வழக்கு. பிறகு ‘12.12: தி டே’ (2023): சுன் டூ-ஹ்வான் ராணுவத்தைப் பிடித்த அந்த ஒற்றை இரவு. கொரியாவில் 1.3 கோடி டிக்கெட் விற்ற படம். நம் படத்துக்கு விற்றது ஏறக்குறைய 47 லட்சம். அதன்பிறகு குவாங்ஜூவைச் சொல்லும் ‘எ டாக்ஸி டிரைவர்’ (2017). இதை அநேகமாக ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

வழக்கு இன்னும் முடியவில்லை என்கிறார்களே, அது எப்படி?

2020-இல், படம் வந்த அதே வருடம், கிம் ஜே-கியூவின் குடும்பத்தினர் மறுவிசாரணை கேட்டார்கள். 2025 பிப்ரவரியில் சியோல் உயர்நீதிமன்றம் அனுமதித்தது. விசாரணையின்போது அவர்மேல் வன்முறையும் வதையும் நடந்தது என்பது அதற்குக் காரணம். அந்த ஆண்டே மறுவிசாரணை தொடங்கியது. அவர் சுட்டாரா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அன்றைய தீர்ப்பு அதை ஆட்சியைக் கவிழ்க்கும் நோக்கத்தோடு செய்த கொலை என்றது. குடும்பம் அந்த நோக்கத்தைத்தான் மறுக்கிறது. படத்தின் கடைசியில் கேட்கும் கரகரத்த ஒலிப்பதிவை நிறைய பேர் எழுந்து போகும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அதில் பேசுவது நடிகர் இல்லை. முதலில் சுன் டூ-ஹ்வான் விசாரணை முடிவை அறிவிக்கிறார், பிறகு கிம் ஜே-கியூ நீதிமன்றத்தில் தன் கடைசி வாக்குமூலத்தைச் சொல்கிறார்.